திரையில்லாத பெட்டியும் தேவராஜன் சாரும்

"வசந்தி, உங்க சார் போயிட்டாரும்மா." செவ்வாய்க்கிழமை காலை அவருடைய மனைவி போனில் சொன்னபோது நான் பேருந்தில் நின்றிருந்தேன். எதிர்பார்த்த செய்திதான். இருந்தும் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

தேவராஜன் சாரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சின்ன காஞ்சிபுரத்தில் பட்டுப் புடவைகளுக்குக் கணினியில் டிசைன் வரைந்து கொடுப்பது எங்கள் அலுவலகம். டிசைன்கள் அத்தனையும் இருக்கும் சர்வர் அவர் பொறுப்பு. அதற்குக் கீபோர்டும் கிடையாது, மானிட்டரும் கிடையாது. முதல் நாளே இரண்டையும் பிடுங்கிவிட்டார். "திரைன்னு ஒண்ணு இருந்தா எவனாச்சும் ஒக்காந்து சீட்டாடிக்கினு இருப்பான்மா" என்றார். தன் மேஜையிலிருந்தே நெட்வொர்க் வழியாக உள்ளே போய் வேலை பார்ப்பார். மகா கோபக்காரர். எங்களில் யாராவது அந்தப் பெட்டியைத் தொட்டால் தொலைந்தோம்.

சிறுநீரகம் கெட்டு அவர் சென்னையில் மருத்துவமனையில் கிடந்தபோது சர்வரின் டிஸ்க் செத்துப்போனது. டிசைன்களுக்கு நகல் இருந்தது. ஆனால் ஆபரேட்டிங் சிஸ்டத்திலிருந்து எல்லாவற்றையும் புதிதாகப் போட வேண்டும். முதலாளி வேறு ஆள் பார்க்கிறார் என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். அன்றே எனக்குப் போன் செய்தார். "வேற ஆளு வேணாம்னு சொல்லும்மா. நான் இங்கேர்ந்தே போட்டுடறேன். இந்த வேலையும் போச்சுன்னா நான் இன்னாத்துக்கு எழுந்து வரணும்?"

மச்சானிடம் ஒரு சிடி கொடுத்தனுப்பினார். புது டிஸ்கை மாட்டி, சிடியைப் போட்டு, பட்டனை அமுக்குவது மட்டும் என் வேலை. "பெட்டி மூணு தபா கூவும். கூவுச்சுன்னா எனக்குக் கதவு தொறந்துடுச்சின்னு அர்த்தம்." கூவியது. அங்கே படுக்கையில் மடிக்கணினியோடு அவர், இங்கே காதில் போனோடு நான். பாதி வேலை முடிந்திருக்கும், வெளியே மேளச் சத்தம் கேட்டது.

"சார், தேரு கிட்ட வந்துடுச்சு. கரண்ட்ட எடுத்துடுவாங்க" என்றேன்.

"தேரா? இன்னிக்கா?"

தேர் வந்தால் தெருக் கம்பிகளில் மின்சாரத்தை நிறுத்துவது எங்கள் ஊர் வழக்கம். வருஷா வருஷம் அன்று காலையிலேயே சர்வரை அணைத்துவிட்டு வடம் பிடிக்கப் போனவர் அவர். அதற்குள் முடித்துவிடக் கணக்குப் போட்டிருப்பார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவருக்குத் தேர் நாளே மறந்துபோயிருந்தது. சார் இனி திரும்பி வரமாட்டார் என்று அப்போதுதான் எனக்குப் பட்டது.

மின்சாரம் போனது. யுபிஎஸ் சற்று நேரம் கத்திவிட்டு ஓய்ந்தது. பாதியில் நின்றது பாழ். தேர் நகர்ந்து விளக்கு எரிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். நடுநடுவே வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. "இரும்மா, வரேன்" என்பார், வருவார். மாலையில் டிசைன்கள் திறந்தன. "மொதலாளிகிட்ட சொல்லிடும்மா, தேவராஜன் வேலைலதான் இருக்கான்னு."

சொன்னேன். "நல்லது" என்றார் முதலாளி. அடுத்த திங்கட்கிழமை சாருடைய நாற்காலியில் புது ஆள் உட்கார்ந்திருந்தார். சாரிடம் நான் மூச்சுவிடவில்லை.

நேற்று உடலை எடுக்கும் முன் முதலாளி பெரிய மாலையோடு வந்தார். "அவரு எடத்துல இன்னும் யாரையும் ஒக்கார வெக்கலம்மா" என்றார், கூசாமல்.

சாருடைய மனைவி கைகூப்பினார். "அதத்தாங்க கடைசி வரைக்கும் சொல்லிக்கினு இருந்தாரு, என் சேரு காலியா இருக்குது, நான் போவணும்னு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

சார், நீங்கள் போட்டது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. போய் வாருங்கள்.