ஜெயஸ்ரீ சேர்ந்த கம்பெனி

என் தங்கை ஜெயஸ்ரீக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள், நான் சொல்லி முடிப்பதற்குள் அவர்களாகவே ஒரு பதிலை வைத்திருப்பார்கள். பி.இ. படித்தவள் என்றதும் சிறுசேரியா, சோழிங்கநல்லூரா என்பார்கள். மறைமலை நகர் என்பேன். அங்கே எந்த சாஃப்ட்வேர் கம்பெனி என்பார்கள். கார்களுக்கு கியர் ஷாஃப்ட் செய்து கொடுக்கும் தொழிற்சாலை என்பேன். அப்படியென்றால் ஆபீசில் கம்ப்யூட்டர் வேலையாக இருக்கும் என்பார்கள். இல்லை, மெஷின் ஓடும் இடத்தில்தான், ஒரு வரிசை மெஷின்களும் அவற்றில் நிற்கும் ஆட்களும் அவள் பொறுப்பு என்று சொன்ன பிறகே கேள்வி நிற்கும். முடிச்சூர் பக்கத்து ஃபிளாட்டுகளுக்கு நான் வாட்டர் கேன் போடுகிறேன். அங்கே ஒரு அம்மா, "பாவம், வேற எதுவும் கிடைக்கலையா?" என்று கேட்டார்கள்.

கிடைத்தது. கிடைத்ததை விட்டுவிட்டுத்தான் இதில் சேர்ந்தாள். போன வருடக் கடைசியில் கார் விற்பனை படுத்து, தொழிற்சாலை வாரத்தில் பாதி நாள்தான் ஓடியது. அப்போதும் அவள் வேறு இடம் தேடவில்லை. அவளுக்குக் கீழே புதிதாகச் சேரும் டிப்ளமோ பையன்கள் முதல் வாரத்திலேயே, இங்கே ஒரு வருடம் இருந்தால் அடுத்து எந்தக் கம்பெனியில் எடுப்பார்கள் என்று அவளிடமே கேட்கிறார்களாம். அது தனக்குப் புரியவே இல்லை என்று சொல்லிச் சிரித்தாள். அப்பாவுக்கு அவள் புரியாமல் போன வருடம் எனக்கு நினைவுக்கு வந்தது.

எங்கள் அப்பா அப்பாதுரை, குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டியிருந்த ஒரு பம்பு தொழிற்சாலையில் டர்னர். இரும்புத் தண்டை லேத்தில் சுழலவிட்டு, வேண்டிய அளவுக்குச் சீவி எடுக்கும் வேலை. அவருடைய அப்பாவுக்கு முடிச்சூரில் கழனி இருந்தது. அதை விட்டுவிட்டுப் பத்தொன்பது வயதில் அப்பா தொழிற்சாலைக்குப் போனபோது, மணியடித்தால் ஓடுகிற பிழைப்பு என்று வீட்டில் கேலி பேசினார்களாம். அப்பாவுக்கு அந்த மணிதான் பிடித்திருந்தது. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் மாதம் பிறந்தால் சம்பளம் வரும். 'பர்மனென்ட்' என்ற சொல்லை அவர் சாமி பெயர் மாதிரி மெதுவாகத்தான் உச்சரிப்பார். பின்னால் கழனி மனைகளாக விலைபோயிற்று. எங்கள் பங்குக்கு ஒரு மனை மிஞ்சியது. அதில் கட்டிய வீட்டில்தான் இன்றும் இருக்கிறோம்.

ஆயுத பூசையன்று தொழிற்சாலைக்குள் குடும்பத்தாரை விடுவார்கள். மெஷின்களுக்கு வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, எல்லோருக்கும் பொரி கடலைப் பொட்டலம் கொடுப்பார்கள். எனக்குப் பொட்டலம் வாங்கியதும் வேலை முடிந்துவிடும், வெளியே ஓடிவிடுவேன். ஜெயஸ்ரீ அப்பாவின் லேத்தை விட்டு நகர மாட்டாள். அவளுக்கு எட்டு வயது இருக்கும்போது, பூசைக்கு முன்னால் அப்பா அவள் கையைப் பிடித்துக் கைப்பிடியைச் சுற்ற வைத்து ஒரு தண்டைச் சீவிக் காட்டினார். நீல நிறத்தில் ஒரு இரும்புச் சுருள் நெளிந்து வந்து விழுந்தது. சூடு ஆறும்வரை காத்திருந்து அதை எடுத்துவந்து ஜாமெட்ரி பாக்சில் வைத்துக்கொண்டாள். அன்றைக்கும் அப்பா கிளம்புவதற்கு முன் பிரஷ்ஷால் லேத்தைச் சுற்றி விழுந்ததையெல்லாம் பெருக்கிவிட்டுத்தான் வந்தார். தன் மெஷினைத் தானே பெருக்குவது, ஷாப் என்று அவர்கள் சொல்லும் அந்தப் பட்டறையின் பழக்கம். இதையும் அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

2001-ல் ஒரு நாள் காலை முதல் ஷிஃப்டுக்குப் போனவர்கள், கேட் பூட்டியிருக்கிறது என்று திரும்பி வந்தார்கள். பேச்சுவார்த்தை, தர்ணா எல்லாம் நடந்தது. கேட் திறக்கவில்லை. அப்பாவும், அவரோடு வேலை செய்த சம்பத் மாமாவும் பல இடம் அலைந்தார்கள். ஐம்பது வயதை நெருங்கியவர்களை யாரும் டர்னராக எடுக்கவில்லை. கடைசியில் தாம்பரம் சானடோரியத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி வாசலில் இருவரும் செக்யூரிட்டியாகச் சேர்ந்தார்கள்.

அந்த வாசலில்தான் அப்பாவின் எண்ணம் மாறியது. கழுத்தில் அடையாள அட்டை தொங்க, ஜெயஸ்ரீயைவிடக் கொஞ்சம் பெரிய பெண்கள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி உள்ளே போவார்கள். வெளியே வரும்போதும் காலையில் போன மாதிரியே இருப்பார்கள், கையில் ஒரு கறை இருக்காது என்று வீட்டில் வந்து சொல்வார். ஒரு பெண் மட்டும் தினமும் நின்று, "அங்கிள், சாப்ட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போகுமாம். தன் மகளும் இப்படி ஒரு வாசலில் அட்டையைக் காட்டி உள்ளே போக வேண்டும் என்பது ஒன்றுதான் அவருக்கு ஆசை.

பன்னிரண்டாவது முடித்து, இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் ஜெயஸ்ரீ மெக்கானிக்கல் எடுத்தாள். கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர், "மெக்கானிக்கல்தானேம்மா?" என்று இரண்டு தரம் கேட்டாராம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா தடுக்கவில்லை. எந்தப் பிரிவு படித்தாலும் சாஃப்ட்வேர் கம்பெனிகள் அள்ளிக்கொண்டு போகின்றன என்று சம்பத் மாமா சொல்லி வைத்திருந்தார். அது பொய்யும் இல்லை. 2007-ல் கடைசி வருடம் படிக்கும்போது கல்லூரிக்கே வந்த ஒரு பெரிய கம்பெனி, மெக்கானிக்கல், சிவில் என்று பார்க்காமல் வகுப்பில் பாதிப் பேரை எடுத்தது. அதில் ஜெயஸ்ரீயும் ஒருத்தி. சிறுசேரியில் வேலை. அப்பா லட்டு வாங்கிப்போய் கேட்டில் எல்லோருக்கும் கொடுத்தார். சாப்பிட்டீர்களா என்று கேட்கும் அந்தப் பெண்ணுக்கும் கொடுத்தார்.

ஜெயஸ்ரீ எங்களுக்குச் சொல்லாமல் இன்னொரு இன்டர்வியூவுக்கும் போயிருந்தாள். மறைமலை நகர் தொழிற்சாலை. டிரெய்னி இன்ஜினியர், சம்பளம் சிறுசேரி சொன்னதில் பாதி. மெஷின் ஷாப்பில் இதுவரை பெண்கள் யாரும் இல்லை, சமாளிப்பாயா என்று கேட்டார்களாம். கல்லூரி வகுப்பிலும் அப்படித்தான் சார் இருந்தது என்று இவள் சொல்லியிருக்கிறாள். எடுத்துக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் அப்பா நைட் டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சட்டைக்கு மேல் பெல்ட் போடும்போது அவள் சொன்னாள்.

"அப்பா, நான் சிறுசேரி போகல. மறைமலை நகர்ல சேரப் போறேன். லேத்து செக்‌ஷன்."

அப்பாவுக்கு முதலில் விளங்கவில்லை. டிரெய்னிங்கை அங்கே மாற்றிவிட்டார்களா என்று கேட்டார். அது வேறு கம்பெனி என்று அவள் விளக்கிச் சொன்னதும் பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"முப்பது வருசம் அதுல நின்னவன் நானு. ஒரு நாள் காலையில போனா கேட்டு பூட்டிக் கீது, ஒரு பேப்பர் ஒட்டிக் கீது. அவ்ளோதான். உனக்கும் அது வோணுமா?"

"பூட்டினா வேற எடம் போவேம்ப்பா. வேல தெரிஞ்சா போதும்."

"வேல தெரியாமதான் நான் கேட்டுல நிக்கிறனா?"

அம்மா கிளியம்மாள் உள்ளே தோசை வார்த்துக்கொண்டே சொன்னாள். "வருசா வருசம் பொரி வாங்கித் தரேன்னு மெஷினாண்ட கூட்டினு போனது யாரு? நானா? கம்ப்யூட்டராண்ட கூட்டினு போயிருந்தா அது கம்ப்யூட்டர் கேட்டிருக்கும்."

அப்பா தோசை சாப்பிடாமல் டூட்டிக்குப் போய்விட்டார்.

ஜூன் மாதம் ஜெயஸ்ரீ மறைமலை நகரில் சேர்ந்தாள். அப்பா அவளோடு பேசுவதை நிறுத்தினார். திட்டவும் இல்லை, தடுக்கவும் இல்லை. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் அம்மாவிடம் சொல்வார். இதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. கேட்டில் யாரிடமும் அவர் உண்மையைச் சொல்லவில்லை. பொண்ணு எப்போது சேருகிறாள் என்று கேட்டால், இன்னும் தேதி வரவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார். சம்பத் மாமாவுக்கு விஷயம் தெரியும், நான்தான் சொன்னேன். உன் அப்பன், சாப்பிட்டீங்களா என்று கேட்கும் அந்தப் பொண்ணு பஸ்ஸை விட்டு இறங்கும்போது கேட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறான், தேதி கேட்குமே என்று பயம் என்று அவர் ஒரு நாள் என்னிடம் வருத்தப்பட்டார்.

நைட் டூட்டி வாரங்களில் அப்பா வேலை முடிந்து விடியற்காலையில் தெருவுக்குள் வரும் நேரமும், ஜெயஸ்ரீ முதல் ஷிஃப்ட் பஸ் பிடிக்கக் கிளம்பும் நேரமும் ஒன்றுதான். இவருக்கு நீலச் சட்டை, பெல்ட், தொப்பி. அவளுக்குச் சாம்பல் நிறச் சட்டை, முனையில் இரும்பு வைத்த கனமான ஷூ. கேன் ஏற்றிக்கொண்டு நிற்கும் நான் இரண்டு பேரையும் பார்ப்பேன். அவள், "வரேம்ப்பா" என்பாள். அப்பா அவள் ஷூவைப் பார்த்துக்கொண்டே தாண்டி வந்துவிடுவார். ஒரு நாளும் அவள் சொல்லாமல் போகவில்லை; ஒரு நாளும் அவர் பதில் சொல்லவில்லை.

ஆயுத பூசை வந்தது. குடும்பத்தோடு வரலாம் என்று கம்பெனியில் சொல்லியிருக்கிறார்கள் என்று ஜெயஸ்ரீ அம்மாவிடம் சொன்னாள். அப்பா காதில் விழும்படிதான் சொன்னாள். தனக்கு டூட்டி இருக்கிறது என்று அவரும் அம்மாவிடமே பதில் சொன்னார். பூசையன்று காலை என் கேன் வேனுக்கு மாலை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, அம்மாவை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு மறைமலை நகருக்குப் புறப்பட்டேன். அப்பா டூட்டியிலிருந்து இன்னும் வரவில்லை.

உள்ளே அம்மாவை விட்டுவிட்டு, வண்டியை ஓரமாக நிறுத்த நான் வெளியே வந்தபோது, ரயில்வே ஸ்டேஷன் பக்கமிருந்து அப்பா நடந்து வந்தார். வீட்டுக்குப் போகாமல் நேரே வந்திருக்கிறார். உடம்பில் செக்யூரிட்டி யூனிஃபார்ம். அங்கே வாசலில் இருந்த செக்யூரிட்டி அவரைத் தன்னை மாற்றிவிட வந்த ஆள் என்று நினைத்து, "ரூமு பின்னால கீது, போய் கையெழுத்துப் போடுங்க" என்றார்.

அப்பா தொப்பியைக் கழற்றினார். பிறகு, "நான் டூட்டிக்கு வரல. எம் பொண்ணு உள்ள வேல செய்து. ஜெயஸ்ரீ" என்றார்.

"இன்ஜினியர் மேடமா? உள்ள போங்க சார்."

அப்பாவை அதுவரை யாரும் ஒரு வாசலில் சார் என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

ஜெயஸ்ரீ பட்டுப்புடவையில், பின்னலில் பூ வைத்துக்கொண்டு, ஒரு மெஷின் பக்கத்தில் நின்றிருந்தாள். மெஷின் என்றால் இரண்டு பீரோவைச் சேர்த்து வைத்த மாதிரி இருந்தது. கண்ணாடி வைத்த கதவு, பக்கத்தில் பொத்தான்கள், மேலே மாலை. அப்பாவைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. நகர்ந்து இடம் விட்டாள். அப்பா மெஷினை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். இரண்டு கைகளையும் எங்கே வைப்பது என்று தெரியாத மாதிரி முன்னால் நீட்டி, மடக்கிக்கொண்டார். அங்கே நின்றிருந்த ஆபரேட்டர் சிட்டிபாபுவிடம், "இதுக்குக் கைப்பிடி எங்க?" என்று கேட்டார்.

"கைப்பிடியெல்லாம் கெடையாது சார். கதவ சாத்தினாதான் ஓடும். கைய வெக்க வுடாது" என்றார் சிட்டிபாபு. அவருக்கு நாற்பது வயதிருக்கும். ஜெயஸ்ரீயை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு மேலும் சொன்னார். "மெஷினு தேவல சார். உங்க பொண்ணுதான் பேஜாரு. ஷிஃப்ட் முடிஞ்சா ஒரு சுருளு கீழ கெடக்கக் கூடாது. கூட்டறதுக்குத் தனியா ஆளு கீது, ஆனா அவங்கவங்க மெஷின அவங்கவங்களே கூட்டணுமாம். எந்தக் காலேஜுல சொல்லிக் குடுத்தாங்களோ."

"காலேஜுல இல்ல. அது எங்க ஷாப்பு பழக்கம்" என்றார் அப்பா.

சொல்லிவிட்டு ஜெயஸ்ரீ பக்கம் திரும்பினார். அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"ஜடைய இப்படி தொங்க வுட்டுக்கினா தெனம் மெஷினாண்ட வர்றே?"

"இல்லப்பா. கொண்ட போட்டு கேப்புக்குள்ள வுட்டுருவேன். இன்னிக்குப் பூஜைன்னுதான்."

"கதவு இருந்தாலும் கேப்ப மட்டும் வுட்றாத."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் மெஷினைப் பார்த்துக்கொண்டேன். ஜெயஸ்ரீ குங்குமக் கிண்ணத்தை அப்பாவிடம் நீட்டினாள். பழைய லேத்தில் கைப்பிடிக் குமிழில்தான் அவர் முதல் பொட்டு வைப்பார். இதில் அது இல்லை. கொஞ்சம் யோசித்து, கதவைச் சாத்தும்போது கை படுகிற விளிம்பில் வைத்தார்.

கிளம்பும்போது ஆளுக்கொரு பொரிப் பொட்டலம் கொடுத்தார்கள், கம்பெனி பெயர் அச்சடித்தது. அப்பா சிட்டிபாபுவைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னும் நாலைந்து கிடைக்குமா என்று கேட்டார். எதற்கு என்று அம்மா கேட்பதற்குள் அவற்றை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்துவிட்டார்.

எதற்கு என்பது சம்பத் மாமா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். விடுமுறை முடிந்து சாஃப்ட்வேர் கம்பெனி திறந்த அன்று அப்பாவுக்குப் பகல் டூட்டி. பொட்டலங்களைப் பிரித்து, கேட்டில் இருந்த மேசையில் செய்தித்தாளை விரித்துக் கொட்டி, பெயர் தெரியும்படி உறைகளையும் பக்கத்திலேயே வைத்திருந்தாராம். பஸ் வந்தபோது பின்னால் போகாமல் முன்னாலேயே நின்றிருக்கிறார். அந்தப் பெண் வந்து ஒரு கை அள்ளிக்கொண்டு, "என்ன அங்கிள், பொண்ணு சிறுசேரில சேர்ந்தாச்சா?" என்று கேட்டதாம்.

"இல்ல மேடம். மறைமலை நகர். ஜூன்லயே சேர்ந்துட்டுது" என்றிருக்கிறார் அப்பா. "நான் பார்த்த அதே லேத்து வேலதான். ஆனா இப்ப கைப்பிடி கெடையாது."