மந்திரிக்குச் செவ்வந்தி மாலை

எண்பதுகளில் பாரிசின் லா சப்பலில் ஓர் இத்தாலியனின் உணவகத்தில் கோப்பை கழுவினேன். என் அகதி விண்ணப்பத்தை நிராகரித்திருந்தார்கள். பொலிஸ் பிடித்தால் நேரே ஊருக்கு விமானம். அங்கே இறங்கினால் ஆமி பிடிக்கும். அதனால் சமையலறைக்கு வெளியே தலை காட்டுவதே இல்லை.

முதலாளி வாயைத் திறந்தால் அவனுடைய ஊர் மேயரின் கதைதான். சோசலிஸ்ட். வேலைநிறுத்தம் செய்த ஆலைத் தொழிலாளரை அடிக்கப் பொலிஸ் வந்தபோது, மேயர் ஆலை வாசலில் குறுக்கே நின்றாராம். முன்பல்லெல்லாம் உடைந்ததாம். பக்கத்தில் நின்ற முதலாளிக்கு இடக்கை முறிந்ததாம். பிறகு மேயர் நாடாளுமன்றம் போய் மந்திரியாகிவிட்டார். கேட்டுக் கேட்டுக் காது புளித்தது. ஆனாலும் அந்த ஆள்மேல் எனக்கும் ஒரு மதிப்பு வந்துவிட்டது.

பாரிசுக்கு வந்த மந்திரி, பழைய தோழனின் கடையில் மதியம் சாப்பிட வருகிறார் என்றதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"மாலை போடாமல் ஒரு மந்திரியைச் சாப்பிட விடுறதோ?" என்றேன் அறைத் தோழனிடம்.

"ஓம், அதுவும் சரிதான். இஞ்சை கடையெல்லாம் செவ்வந்தி மலிஞ்சு கிடக்கு" என்றான்.

நவம்பர் மாதம். பூக்கடைக்காரி என் கையைப் பிடித்து ஏதோ மெதுவாகச் சொன்னாள். விளங்கவில்லை. "மெர்சி" என்று பூவை வாங்கி வந்து மாலை கட்டினேன்.

மந்திரி மேசையில் உட்கார்ந்ததும் ஓடிப்போய்க் கழுத்தில் மாலையைப் போட்டேன். அடுத்த கணம் மெய்க்காவலன் என் முகத்தை மேசையில் மோதினான். மூக்கு உடைந்தது. இன்னொருவன் கீழே தள்ளி முதுகில் முழங்காலை ஊன்றித் துவக்கைப் பிடரியில் வைத்தான்.

"ஐயோ, மாலையடா, வெறும் மாலை!" என்று தமிழில் கத்தினேன். எந்தப் பேயனுக்கு விளங்கும்?

அவர்களுக்குச் செவ்வந்தி, நவம்பரில் சவக்காலைக்குக் கொண்டுபோய்க் கல்லறையில் வைக்கிற பூ. அந்தக் காலத்தில் இத்தாலியில் அரசியல்வாதிகளைத் தெருவில் சுட்டுக்கொண்டிருந்தார்கள். நான் போட்டது கொலைமிரட்டல். பூக்கடைக்காரி எனக்குச் சொன்னது அனுதாபம். எல்லாம் பிறகு தெரிந்ததுதான்.

வாசலில் நின்ற பிரெஞ்சுப் பொலிஸ்காரன் உள்ளே வந்து, "பப்பியே!" என்று தலைமயிரைப் பிடித்து என்னைத் தூக்கினான். காட்ட என்னிடம் என்ன பத்திரம் இருக்கிறது?

முதலாளி மந்திரியின் கையைப் பற்றினான். கடையில் கேட்டுப் பழகிய இத்தாலிய மொழி எனக்கு ஓரளவு பிடிபடும். "இவன் என்ரை வேலையாள். பூவைப் பற்றி அவனுக்குத் தெரியாது. நீ ஒரு சொல்லுச் சொன்னால் விட்டிடுவாங்கள். பிடிச்சு அனுப்பினால் செத்துப்போவான்."

மந்திரி கோட்டில் ஒட்டியிருந்த இதழ்களைத் தட்டினார். "அது பொலிசின்ரை வேலை. நான் தலையிட ஏலாது."

முதலாளி கீழே கிடந்த மாலையை எடுத்தான். திரும்பவும் மந்திரியின் கழுத்தில் போட்டான்.

"எங்கடை மேயர் செத்துப்போனார்" என்றான். சொல்லிவிட்டு அவருடைய வாயிலேயே ஓங்கிக் குத்தினான். கட்டுப்பல் தெறித்துத் தட்டில் விழுந்தது.

எல்லோரும் அவன்மேல் பாய்ந்தார்கள். என் தலைமயிரைப் பிடித்திருந்தவனும் விட்டுவிட்டுப் பாய்ந்தான்.

"ஓடு!" என்று முதலாளி அலறினான். பின்கதவைத் திறக்கும்போது எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. மேயருக்காக முறிந்தது இடக்கை. கோப்பை கழுவிய எனக்காக முறிந்தது வலக்கை.