சேர்மன் உடைத்த சாலை

புதிய சாலை உடையும் சத்தம் தனி. பழையது பொலபொலவென்று பெயர்ந்துவிடும். புதியது லேசில் விட்டுக்கொடுக்காது. எங்கள் தெருவுக்கு வந்த முதல் சிமெண்ட் சாலையை, ஒரு மழைக்காலம்கூட முழுதாகப் பார்க்காத சாலையை, இயந்திரம் வைத்து உடைத்துக்கொண்டிருந்தார்கள். அதைப் போடவைத்தவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். அவர் எங்கள் பேரூராட்சித் தலைவர். ஊருக்குச் சேர்மன். அவருக்கு ஒரு பெயர் இருப்பது தேர்தல் வந்தால்தான் பலருக்கு நினைவுக்கு வரும்.

எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர்தான் சேர்மன். நடுவில் ஒருமுறை பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது மட்டும் வெறும் கவுன்சிலராக உட்கார்ந்திருந்தார். அதற்கெல்லாம் முன்பு அவர் வலங்கைமான் பக்கம் போகும் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். அந்தக் காலத்தை அம்மா சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். எங்கள் தெருப் பெண்கள் வெளியூர் நடவுக்கு முதல் பஸ்ஸில் போவார்கள். தெரு முழுக்கக் களிமண். மழை நாளில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, முழங்கால்வரை சேறோடு வந்து, நிறுத்தத்துக் குழாயில் கால் கழுவுவார்கள். டிரைவர் கத்துவார். கண்டக்டர் விசில் ஊத மாட்டார். "கழுவிட்டு வரட்டுமே, பஸ் எங்க ஓடிப்போயிடப்போவுது" என்பாராம்.

சேர்மனான பிறகு பேருந்து நிலையம் வந்தது, குடிநீர்த் தொட்டி வந்தது, சந்தைக்குக் கொட்டகை வந்தது. எங்கள் தெருவுக்கு மட்டும் சாலை வரவில்லை. தெருவில் பாதி கோயில் நிலம் என்று கணக்கில் இருந்தது. அதற்காக அவர் ஏறாத ஆபீஸ் இல்லை. ஒருவழியாக அனுமதி கிடைத்தபோது, இருக்கிற உயரம் போதாது, இன்னும் ஒரு சாண் ஏற்றிப் போடு என்று காண்ட்ராக்டரிடம் பிடிவாதம் பிடித்தார். இந்த ஜனங்கள் இனிமேல் செருப்பைக் கையில் தூக்கக் கூடாது என்பதுதான் அவர் சொன்ன காரணம். சாலை காய்ந்த அன்று அம்மா செருப்பு போட்டுக்கொண்டு, வேலை ஒன்றும் இல்லாமலே, கடைசி வீடுவரை நடந்துபோய்த் திரும்பி வந்தார்.

ஐப்பசி மழை பிடித்தது. உயரமாக மண்ணை ஏற்றினால் தண்ணீர் நிற்கும் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வரப்பு கட்டியே பிழைக்கிறவர்கள். ஆனாலும் அந்தச் சாலையைப் பார்த்தபோது ஒருவருக்கும் அது தோன்றவில்லை. எங்களுக்கு அது சாலையாகத்தான் தெரிந்தது. தெருவைக் குறுக்காகக் கடந்து வாய்க்காலுக்கு ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் சாலையில் முட்டி நின்று வீடுகளுக்குள் வந்தது. அம்மா அடுப்பைக் கட்டில்மேல் வைத்துச் சமைத்தார்.

மழை சற்று விட்ட ஒரு நாள், தாளடி நடவுக்குப் போன பெண்கள் மிஞ்சிய நாற்றுமுடிகளைக் கொண்டுவந்து வீட்டு வாசல்களில் நடத் தொடங்கினார்கள். சாலை கேட்டுச் சேற்றில் நாற்று நடுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். நல்ல சாலைக்குப் பக்கத்தில் நட்டது எங்கள் தெரு மட்டும்தான். செய்தி கேட்டுச் சேர்மன் வந்தார். யாரும் நடவை நிறுத்தவில்லை. அம்மா குனிந்தபடியே பேசினார்.

"வாங்க சேர்மன். வரப்பு நல்லாத்தான் கட்டியிருக்கீங்க. ஒரு சொட்டு வெளிய போவல. அதான் நட்டுட்டோம். அறுப்புக்கும் வந்துடுங்க."

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. சாலையிலிருந்து தண்ணீரில் இறங்கி எங்கள் வீட்டுக்குள் போனார். கட்டிலையும் அதன்மேல் இருந்த அடுப்பையும் பார்த்துவிட்டு வெளியே வந்தார். கூட வந்த பொறியாளர் ஏதோ விளக்க ஆரம்பித்தபோது கையமர்த்தினார். "இவரு வேண்டாம்னுதான் சொன்னாரு. உசத்தச் சொன்னது நான்" என்றார்.

அன்றே மோட்டார் வைத்து இறைத்தார்கள். அடுத்த மழையில் மறுபடி நிரம்பியது. தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. அது முடியும்வரை இப்படியே இறைத்துச் சமாளிக்கலாம் என்று கவுன்சிலர்கள் அவரிடம் மன்றாடினார்கள். அவர் எங்கள் தெரு ஆட்களை ஒன்றாகக் கூப்பிட்டார்.

"உடைச்சாத்தான் தண்ணி வடியும். ஆனா எலெக்சன் தேதி அறிவிச்சுட்டா புது ரோடு வேலை நின்னுடும். ஓட்டுப் போடுற அன்னிக்கு உங்களுக்கு ரோடு இருக்காது. நான் தோத்துட்டா எப்ப வரும்னும் தெரியாது. வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க."

எல்லோரும் சாலையைப் பார்த்தார்கள். இதற்காக எத்தனை வருடம் காத்திருந்தோம் என்று எங்களுக்குத்தான் தெரியும். அவர் தோற்றால் வருகிறவர் கோயில் நிலம் என்று ஒரு வார்த்தை சொல்லி எங்களை மறந்துவிடலாம். அம்மாதான் வாய் திறந்தார்.

"உடைங்க. ரோட்டுல நடக்கறது அப்புறம். மொதல்ல வீட்டுல படுக்கணும்."

உடைந்தது; தண்ணீர் வடிந்தது. எதிரணியினர் உடைந்த சாலையின் படத்தை, அவர் கவுன்சிலருக்கு நின்ற எங்கள் வார்டு முழுக்கக் காட்டினார்கள். போட்ட ரோட்டையே உடைத்தவர் ஊரை விட்டுவைப்பாரா என்று கேட்டார்கள். வார்டின் மற்ற இரண்டு தெருக்களிலும் ஆட்கள் யோசிக்கத் தொடங்கினார்கள். மார்கழித் தூறலில் தேர்தல் வந்தது. எனக்கு அதுதான் முதல் ஓட்டு. எங்கள் தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் வந்தது. பள்ளிக்கூடத் தரையெல்லாம் சேறாகிவிட்டது என்று அதிகாரி சலித்துக்கொண்டார். மற்ற தெருக்களில் ஓட்டுப் பிரிந்தது. எங்கள் சேற்றுக்கால் ஓட்டுகளால்தான் அவர் கரையேறினார். கவுன்சிலர்கள் மறுபடி அவரையே சேர்மனாக்கினார்கள். அந்தக் கோடையில் வாசற்படிகளுக்குத் தாழ்வாகப் புதுச் சாலை வந்தது. கொத்தனார் மட்டம் பார்த்த இடமெல்லாம் அவரும் ஒருமுறை குனிந்து பார்த்தார்.

இந்தமுறை அவர் போட்டியிடவில்லை. மூட்டுவலி. கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா வைத்தார்கள். நாகப்பட்டினத்தில் வேலை பார்க்கும் நான் லீவு போட்டுவிட்டு வந்திருந்தேன். பேசியவர்கள் எல்லோரும் பேருந்து நிலையம், தொட்டி, சந்தை என்று அடுக்கினார்கள். போட்ட சால்வைகளையெல்லாம் அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வாங்கிக்கொண்டார். எங்கள் தெரு சார்பில் அம்மாவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். சால்வை போர்த்திவிட்டு இறங்கப்போனவர் கையில் யாரோ மைக்கைத் திணித்துவிட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா மைக் பிடித்தது அன்றுதான்.

"ரோடு போட்டவங்க நெறைய பேரு இருப்பாங்க" என்றார் அம்மா. "தப்புன்னு தெரிஞ்சதும், ஓட்டுக்கு முன்னாடியே உடைச்சது இவரு ஒருத்தர்தான்."

அவ்வளவுதான். மைக்கைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கினார். சேர்மன் நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்து, மெல்ல ஊன்றி எழுந்து நின்று, அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார்.