மூன்று தொடையும் ஒரு அண்டா சோறும்

அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவருக்கே திரும்பிப் பார்க்கத் தோன்றாது. பிரேக் மாஸ்டர் என்றால்தான் தெரியும். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். பயிற்சிக் காரில் மாஸ்டர் உட்காருகிற பக்கத்திலும் காலடியில் ஒரு பிரேக் இருக்கும். ஆபத்து வந்தால் மிதிப்பதற்காக வைத்தது. நம் மாஸ்டருக்கோ எல்லாமே ஆபத்துதான். எதிரே லாரி வந்தால் மிதிப்பார். லாரி வராவிட்டால், ஏன் இன்னும் வரவில்லை என்று சந்தேகப்பட்டு மிதிப்பார். தெரு ஓரத்தில் பூனை கொட்டாவி விட்டாலும் மிதிப்பார். வீட்டில் சோபாவில் சாய்ந்து டிவி பார்க்கும்போதுகூட, திரையில் ஒரு கார் வேகமெடுத்தால் கால் தானாகத் தரையை அழுத்தும். சோபாவுக்கு முன்னால் விரித்திருந்த கம்பளம் அந்த ஓரிடத்தில் மட்டும் தேய்ந்து ஓட்டையாகிவிட்டது.

மற்றபடி தங்கமான மனிதர். சமையலறைப் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்க மாட்டார். "இவர் வெந்நீர் வச்சாக்கூட அடிப்பிடிக்கும்" என்பாள் அவர் மனைவி.

வருடக் கடைசியில் ஊரே கடையைச் சாத்திக்கொண்டு ஓய்வெடுக்கும் நாட்கள் வந்தன. சொந்தபந்தம் எல்லாம் வேன் பிடித்து விருந்துக்கு வருவதாக ஏற்பாடு. மனைவியின் அண்ணன் இறைச்சிக் கிடங்கில் மேற்பார்வையாளர். மனசு பெரிது, குரல் அதைவிடப் பெரிது. அவர் தோளில் மூட்டையோடு மாடியேறி வந்து, சாப்பாட்டு மேஜையில் மூன்று முழு ஆட்டுத் தொடைகளைப் பொத்தென்று போட்டார்.

"ஆட்டுக்கு நாலு கால் ஆச்சே மச்சான், இன்னொண்ணு எங்க?" என்றார் மாஸ்டர் விளையாட்டாக.

"போதாதா? போய் எடுத்துட்டு வரவா?" என்று மச்சான் நிஜமாகவே எழுந்துவிட்டார். கையைப் பிடித்து உட்கார வைக்க வேண்டியதாயிற்று.

மூன்றையும் மசாலா தடவி அடுப்பில் வாட்டி எடுத்தாள் மனைவி. வீடே மணத்தது. அந்த நேரம் பார்த்து வேன் பாதி வழியில் படுத்துவிட்டது. சொந்தக்காரர்கள் வந்த வழியே திரும்பிப் போனார்கள். தொடைகளைச் சுமந்து வந்த மச்சானோ, "கொழுப்பு ஏறிக்கிடக்குன்னு டாக்டர் கறியே தொடக்கூடாதுன்னுட்டாரும்மா" என்று கீரையை மட்டும் கொறித்துவிட்டு, ஏக்கத்தோடு தொடைகளைத் தடவிக்கொடுத்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

மிச்சம் இருந்தது மூன்று பேர். மாஸ்டர், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள். முதல் நாள் அமிர்தமாக இருந்தது. மறுநாள் ரொட்டிக்கு நடுவில் வைத்துத் தின்றார்கள். அதற்கடுத்த நாள் சூப். பிறகு முட்டையில் போட்டு, உருளைக்கிழங்கில் போட்டு, ஒன்றிலும் போடாமல். தின்னத் தின்ன அது குறைவதாகவே தெரியவில்லை. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆகும் என்பார்கள். இந்த வீட்டில் கழுதை கழுதையாகவே இருந்தது.

"அப்பா, ஃப்ரிட்ஜைத் திறந்தா அது என்னையப் பேர் சொல்லிக் கூப்பிடுது" என்றாள் மகள். சொன்ன கையோடு, தோழி வீட்டில் உட்கார்ந்து படிக்கப் போவதாகப் பையை மாட்டிக்கொண்டாள். விடுமுறையில் மகள் படிக்கக் கிளம்புகிறாள் என்றால் நிலைமை எவ்வளவு முற்றிவிட்டது என்று மாஸ்டருக்குப் புரிந்தது.

மனைவிக்கு அன்று மருந்துக்கடையில் வேலை. ஊர் தூங்கினாலும் மருந்துக்கடை திறந்திருக்க வேண்டுமே. செருப்பை மாட்டிக்கொண்டே உத்தரவு போட்டாள்.

"என்னங்க, நான் வர்றதுக்குள்ள அந்தக் கறி தீரணும். சாயங்காலம் அண்ணன் வர்றாரு. குப்பையில போட்டீங்க, அவரு மனசு ஒடிஞ்சு போயிடும்."

"நான் ஒத்தை ஆளு எப்படிம்மா திங்கிறது?"

"நீங்க திங்கணும்னு யாரு சொன்னா? தீரணும்னுதான் சொன்னேன்."

கதவு சாத்தப்பட்டது. மாஸ்டர் தலையைச் சொறிந்தார். தீர்ப்பதற்கும் தின்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது என்று மெல்லப் பிடிபட்டது. அக்கம்பக்கம் எதற்கு இருக்கிறது? ஒரு தட்டில் கறியை அழகாக அடுக்கி, மேலே காகிதம் போட்டு மூடி, மாடியேறி வக்கீலம்மா வீட்டு மணியை அடித்தார்.

கதவைத் திறந்த வக்கீலம்மா முகமெல்லாம் பல்லானார். "மாஸ்டர்! உங்களுக்கு நூறு வயசு! இப்பத்தான் உங்க வீட்டுக்குக் குடுத்தனுப்பலாம்னு எடுத்து வச்சேன்." மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள் வறுத்த கோழி ஒரு பாத்திரம் நிறையக் கைக்கு வந்துவிட்டது. வக்கீலிடம் வாதாடி ஜெயிக்க முடியுமா? கோழியையும் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுப் பேங்க் மேனேஜரிடம் போனார். மேனேஜர் அவர் கையிலிருந்த தட்டைப் பார்த்தார். பிறகு உள்ளே போய், வாட்டிய விலாக்கறியைக் கொண்டுவந்து அந்தத் தட்டின் மேலேயே வைத்தார். "மறுக்காதீங்க மாஸ்டர்" என்றபோது மேனேஜரின் கண் கலங்கியிருந்தது.

கடைசி நம்பிக்கையாகக் கீழ்வீட்டு நாயிடம் ஒரு துண்டை நீட்டினார். நாய் முகர்ந்து பார்த்தது. 'நீயுமா?' என்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது.

ஆக, கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பிய கதையாக, ஒரு கறியோடு போனவர் மூன்று கறியோடு வீடு திரும்பினார். எல்லாவற்றையும் சமையல் மேடையில் பரப்பி, இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் வாசல் மணி அடித்தது.

பல் டாக்டர் வந்திருந்தார். மாஸ்டரிடம் கார் கற்றுக்கொள்பவர். அன்றைக்குப் பாடம் இருப்பதையே மாஸ்டர் மறந்துவிட்டார். ஊரார் கடைவாய்ப் பற்களைக் கை நடுங்காமல் பிடுங்குகிறவர் இந்த டாக்டரம்மா. ஸ்டியரிங்கைத் தொட்டால் மட்டும் அந்தக் கை உதறும். ஓட்டுநர் தேர்வில் அவர் தோற்றுத் தோற்று, தேர்வு அதிகாரிக்கே அவர்மேல் ஒரு பாசம் வந்துவிட்டிருந்தது.

டாக்டரம்மா சமையலறையை எட்டிப் பார்த்தார். "என்ன மாஸ்டர், விபத்தா?"

"விருந்துங்க, டாக்டரம்மா. மிச்சம்."

முழுக்கதையையும் கேட்டு அவர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி நழுவியது. பிறகு ஃப்ரிட்ஜைத் திறந்து, நோயாளியின் வாய்க்குள் பார்ப்பதைப்போலக் குனிந்து பார்த்தார். "நேத்து வடிச்ச சோறு இவ்வளவு இருக்கே! அப்புறம் என்ன கவலை? ஃப்ரைட் ரைஸ் போட்டுடலாம். நான் தனிக்கட்டை. மிச்சம் மீதியில ஃப்ரைட் ரைஸ் போட்டே காலத்தை ஓட்டுறவ. சுலபம்தான். நீங்க செய்ங்க, நான் சொல்றேன்."

"நானா? சுடுசோறு வேண்டாமா?"

"சுடுசோறு குழைஞ்சிடும். ஆறின சோறுதான் உதிரி உதிரியா நிக்கும். கையை நனைச்சுக்கிட்டு கட்டியை உதிர்த்து விடுங்க. கறியை எலும்புலேர்ந்து எடுத்து நறுக்குங்க. பல் அளவுக்கு."

மாஸ்டர் நறுக்கினார். டாக்டரம்மா ஒரு துண்டைத் தூக்கிப் பார்த்தார். "இது கடைவாய்ப் பல். எனக்கு முன்பல் வேணும். வெங்காயம், கேரட்டெல்லாம் பால்பல் அளவு."

வாணலி காய்ந்தது. எண்ணெயில் பூண்டு விழுந்து பொரிந்தது. 'சொய்ங்' என்று ஒரு சத்தம் வந்ததுதான் தாமதம், மாஸ்டரின் கை பாய்ந்து அடுப்பை அணைத்தது.

"யாரு அடுப்பை அணைச்சது?"

"சத்தம் வந்துச்சு டாக்டரம்மா..."

"சத்தம் வரணும் மாஸ்டர்! பத்த வைங்க."

பற்ற வைத்தார். வெங்காயம் போட்டார். சொய்ங். டப்பென்று அணைத்தார். கறி போட்டார். அது இன்னும் பெரிய சொய்ங். அதையும் அணைத்தார். இப்படி ஓடுவதும் நிற்பதுமாக, பூண்டு எப்போது வேகுமென்று பூண்டுக்கே தெரியாமல் போயிற்று.

"இப்படித்தான் என்னைய நடுரோட்டுல நிறுத்துறீங்க" என்றார் டாக்டரம்மா. "கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க. ஒண்ணும் ஆகாது. லேசா எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான்."

மாஸ்டர் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வலது கையால் கிளறினார். நெற்றி வியர்த்தது. தீ நாக்கை நீட்டியது. ஆனால் வீடு எரியவில்லை. கறியின் ஓரங்கள் மொறுமொறுவென்று சிவந்தன. பச்சைப் பட்டாணியும் கேரட்டும் விழுந்தன. எல்லாவற்றையும் ஓரமாக ஒதுக்கி, நடுவில் முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறினார். அப்புறம் சோறு. அப்புறம் வாணலியின் விளிம்பைச் சுற்றி சோயா சாஸ், மிளகுத்தூள், கடைசியாக நறுக்கிய வெங்காயத்தாள். மணம் எழும்பியதும் மாஸ்டரின் மூக்கு தானாக முன்னால் போயிற்று. ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"இது அந்தக் கறியா?" என்றார் நம்பாமல்.

"அதே கறிதான்."

"பொய் சொல்லாதீங்க டாக்டரம்மா."

அதற்குப்பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. ஒரு வாணலி முடிந்ததும் அடுத்தது. ஃப்ரிட்ஜிலிருந்த சோறு தீர்ந்ததும் புதிதாக வடித்து, விசிறி ஆறவைத்துப் போட்டார். வக்கீலம்மாவின் கோழி, மேனேஜரின் விலா, ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. பாத்திரம் போதாமல், குளிக்க வெந்நீர் போடும் அண்டாவைத் தேய்த்துக் கழுவி, அதில் கொட்டிக்கொண்டே போனார். நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வரை அண்டா நிறைந்திருந்தது. கறி தீர்ந்துவிட்டது. இப்போது சோற்றை யார் தீர்ப்பது?

நல்லவேளையாக மனைவியிடமிருந்து போன் வந்தது. "என்னங்க, இங்க ஒரு சாப்பாட்டுக் கடைகூட திறக்கல. கடையில இருக்கிற எல்லாரும் இருமல் மிட்டாயைச் சப்பிக்கிட்டு உக்காந்திருக்கோம். வீட்டுல ரொட்டி ஏதாவது இருந்தாக் கொண்டாங்களேன்."

"இதோ கிளம்பிட்டேன்!" என்றார் மாஸ்டர்.

ஆனால் கிளம்புவது எப்படி? அண்டாவுக்குப் பொருத்தமான மூடி இல்லை. ஒரு பெரிய எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து வைத்தார். ஆள் பிடித்துக்கொள்ளாவிட்டால் சரிந்துவிடும். மாஸ்டர் பிடித்துக்கொண்டால் டாக்டரம்மாதான் ஓட்ட வேண்டும். பின்சீட்டில் அண்டா நிற்கவில்லை, மடியிலோ சுட்டது. கடைசியில் மாஸ்டரின் சீட்டுக்கு முன்னால், கால் வைக்கிற இடத்தில் அதை இறக்கினார்கள். அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்தது. அவருடைய பிரேக் அண்டாவுக்குப் பின்னால் போய்விட்டது. மாஸ்டர் செருப்பைக் கழற்றிவிட்டு, சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவர் முகம் ஊசிக்குக் காத்திருக்கும் நோயாளியின் முகம்போல வெளுத்திருந்தது.

கார் நகர்ந்தது. தெருமுனையில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. மாஸ்டரின் கால் தானாக நீண்டு மிதித்தது.

டங்!

தட்டுதான் ஒலித்தது. கார் நிற்கவில்லை. டாக்டரம்மா பார்த்து, தானே வேகத்தைக் குறைத்து, சைக்கிளுக்கு வழிவிட்டுப் போனார்.

நாற்சந்தியில் ஒரு பேருந்து திரும்பியது. டங்! டாக்டரம்மா நின்று, பார்த்து, எடுத்தார். ஒரு பூனை. டங்! பூனை இல்லாத இடத்திலும் ஒரு டங். போகப் போக டாக்டரம்மாவின் தோள் இறங்கியது. பற்களைக் கடிப்பதை விட்டுவிட்டு ஏதோ பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தார். மாஸ்டரோ கண்ணை மூடிக்கொண்டு, தட்டைத் தாளத்தோடு மிதித்துக்கொண்டிருந்தார். கண்ணைத் திறந்தபோது கார் மருந்துக்கடை வாசலில், இரண்டு வண்டிகளுக்கு நடுவில், கோடு போட்டதுபோல நேராக நின்றிருந்தது.

"வழி முழுக்க நீங்க நிறுத்தவே இல்ல மாஸ்டர்!" என்றார் டாக்டரம்மா.

"நான் நிறுத்திக்கிட்டுத்தான் வந்தேன் டாக்டரம்மா" என்றார் மாஸ்டர். "கார்தான் கேக்கல."

மருந்துக்கடையில் மாத்திரைப் பெட்டிகளை ஒதுக்கிவிட்டு மேஜைமேல் அண்டாவை ஏற்றினார்கள். விருந்துக் கறியைத் தின்று வயிறு உப்பிப்போய் மருந்து வாங்க வந்த ஒருவர், மணத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார். "கொஞ்சம் ருசி பார்க்கலாமா?" என்று கேட்டு ஒரு தட்டைக் காலி செய்துவிட்டு, மாத்திரையை இரட்டிப்பாக வாங்கிக்கொண்டு போனார். மனைவி தட்டையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நிஜமாவே நீங்களா செஞ்சது?"

"பின்ன?"

"உப்பு கொஞ்சம் குறைச்சல்" என்று சொல்லி, மூன்றாம் முறையாகத் தட்டை நீட்டினாள்.

சாயங்காலம் மனைவியையும் ஏற்றிக்கொண்டு டாக்டரம்மாதான் காரை வீட்டுக்கு ஓட்டிவந்தார். அண்டாவின் அடியில் கொஞ்சம் சோறு மிஞ்சியிருந்தது. வக்கீலம்மாவையும் மேனேஜரையும் கூப்பிட்டு ஆளுக்கொரு தட்டு கொடுத்தார் மாஸ்டர். தங்கள் கறிதான் திரும்பி வந்திருக்கிறது என்று தெரியாமல், "இவ்வளவு நல்ல கறி எங்க வாங்கினீங்க?" என்று கேட்டார் மேனேஜர். மாஸ்டருக்குப் புரையேறியது.

வரவேற்பறையில் அமர்ந்து எல்லாரும் பேசிக்கொண்டிருந்தபோது, சமையலறையிலிருந்து கரண்டியால் சுரண்டும் சத்தம் வந்தது. மாஸ்டரின் மனைவி போய்ப் பார்த்தாள். மச்சான் எப்போது வந்தார், எந்த வழியாக நுழைந்தார் என்று யாருக்கும் தெரியாது. அண்டாவுக்குள் பாதி உடம்பு இருந்தது.

"அண்ணே! டாக்டர் என்ன சொல்லியிருக்காரு?"

மச்சான் நிமிர்ந்தார். மீசையில் முட்டை. சமையலறை வாசலில் வந்து நின்ற டாக்டரம்மாவைக் கரண்டியால் காட்டினார். "அதான் டாக்டரே பக்கத்துல இருக்காங்களே."

"அவங்க பல் டாக்டரு!"

"நானும் பல்லாலதானேம்மா திங்கிறேன்" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் அண்டாவுக்குள் குனிந்தார்.