சேதித் தோணி நின்ற பிறகு

தோணி வராமல் போன அன்றைக்கு எனக்கு அது தெரியவேயில்லை. அதுதான் இதில் பெரிய கேவலம். வேலை கொஞ்சம் குறைச்சலாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டு, இரண்டு தடவை டீ குடித்தேன்.

எண்பதுகளின் தொடக்கம். ஆரம்பாக்கத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் எனக்கு எடை போடுகிற வேலை. வீடும் பெண்டாட்டி பிள்ளைகளும் பழவேற்காட்டு ஏரிக்கு அந்தப் பக்கம், கோட்டைக்குப்பத்தில். ஊருக்குப் போவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். மற்ற நாட்களில் வீட்டுக்கும் எனக்கும் நடுவில் இருந்த ஒரே தொடர்பு, எங்கள் ஊர் இறாலைக் கம்பெனிக் கரைக்குக் கொண்டுவரும் தோணி. தோணிக்காரர் இறங்குகிற வரைக்கும்கூடப் பொறுக்கமாட்டார். தண்ணீரில் நின்றபடியே கத்துவார்.

"யோவ் எடைக்காரரே! நாளன்னிக்கு உன் பாடு. உன் பொண்டாட்டி சொல்லச் சொல்லுச்சு. வரும்போது சின்னவனுக்கு இருமல் மருந்து வாங்கியாரணுமாம்."

கம்பெனியில் இருக்கிற அத்தனை பேருக்கும் என் குடும்பத்து இருமல் தெரியும். இருந்தாலும் அதைவிட நல்ல ஏற்பாடு இந்த உலகத்தில் இல்லை.

பாடு என்பது முறை. ஏரியில் இறால் விழுகிற நல்ல இடம் கொஞ்சம்தான். அங்கே வலை கட்ட, வீட்டுக்கு ஒரு நாள் என்று ஊர் முறை வைத்திருக்கிறது. உன் பாடு வருகிற அன்று விடியும்போது உன் வீட்டு ஆம்பளை கரையில் நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் அடுத்த வீட்டுக்காரன் வலையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். மறுபடியும் சுற்று முழுசாக வரவேண்டும். நைனா போன பிறகு எங்கள் வீட்டில் ஆம்பளை என்று சொல்லிக்கொள்ள இருந்தது நான் ஒருத்தன்தான்.

வரிசைதான் தெரியுமே, நாளைக் கணக்குப் போட்டுக்கொள்ளக் கூடாதா என்று கேட்கலாம். போடலாம், ஊரில் யாரும் சாகாமல் இருந்தால். சாவு விழுந்த அன்று எங்கள் ஊரில் யாரும் ஏரியில் இறங்கமாட்டார்கள். அந்த நாள் கணக்கில் சேராது. எல்லார் பாடும் ஒரு நாள் தள்ளிப்போகும். அதனால்தான் எனக்குச் சேதி வந்துகொண்டே இருக்கவேண்டும்.

பழவேற்காட்டுக்கு ரோடு நன்றாகப் போட்டார்கள். பட்டணத்திலிருந்து லாரி நேராக எங்கள் கரைக்கே வந்து இறாலை அள்ளிக்கொண்டு பட்டணத்துக்கே திரும்பிப் போனது. தோணி நின்றது. எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதே தோணிதானே! நான் டீ குடித்துக்கொண்டிருந்த அந்த வாரத்திலேயே என் பாடு வந்து போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்துப் பெரியவர் ஒருத்தர் வழியில் நிறுத்தினார். கோபம்கூட இல்லை அவருக்கு.

"இன்னாபா, இறால் உனக்கு வேணாமா? இன்னொரு தபா வரலன்னா ஊர்ல இல்லாதவனுக்கு இன்னாத்துக்குப் பாடுன்னு கேப்பாங்க. நான் கேக்கல. கேப்பாங்க."

அவர்தான் கேட்பார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். நைனாவின் பாடு என் காலத்திலா போகவேண்டும் என்று வீட்டில் போய்ப் புலம்பினேன். வேலையை விட்டுவிடலாமே என்றாள் பெண்டாட்டி. ஒரு நாள் பாட்டை நம்பி மிச்ச நாளெல்லாம் எதைத் தின்பது என்றேன். தோணிக்குப் பதிலாக வேறு ஒன்றைக் கண்டுபிடிக்கிற வேட்டை அப்படித்தான் தொடங்கியது.

முதலில் தபால் கார்டு. நாளைக்கு உன் பாடு என்று எழுதிப் போட்டால், அது நாலு ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு, பாடு முடிந்த பிறகு கசங்கிய சட்டையோடு வந்து நிற்கும்.

அப்புறம் போன். பழவேற்காட்டில் துணிக்கடை வைத்திருந்த பாயிடம் போன் இருந்தது. தங்கமான மனுஷன். என் பெண்டாட்டி போய்ச் சொன்னதும் டிரங்க் கால் பதிந்துவிட்டு, கடையை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தாராம். லைன் மறுநாள் கிடைத்தது. கம்பெனியில் முதலாளி எடுத்தார். பாய் அவரிடம் விசாரித்த நலத்தில் முழு நேரமும் முடிந்துவிட்டது.

அப்புறம் பஸ் கண்டக்டர். ஒருத்தரிடம் சொன்னால் பொன்னேரியில் இன்னொருத்தரிடம் சொல்லவேண்டும். அந்த இன்னொருத்தருக்கு அன்றைக்கு லீவு.

கடைசியில் அத்தை கிடைத்தாள். நைனாவின் தங்கச்சி, எங்கள் குப்பத்துக்காரிதான். நண்டும் மீனும் கூடையில் போட்டு, பொன்னேரியில் ரயில் பிடித்து, ஆரம்பாக்கம் சந்தையில் விற்றுக்கொண்டிருந்தாள். கூடைக்கு உடைந்த ஐஸ் வாங்க எங்கள் கம்பெனிக்குத்தான் வருவாள். தினமும் பார்த்தவள்தான். தோணி இருந்தவரை எனக்கு அவள் சேதியாகப் படவில்லை.

"ஏண்டா, இத்தினி நாளு நான் இன்னா செவுரா? என்னைக் கேக்கத் தோணலியா உனக்கு?"

அத்தையிடம் இன்னொரு வசதியும் இருந்தது. அவள் வந்தால் ஊர் தொழிலுக்குப் போயிருக்கிறது. வராவிட்டால் சாவு; என் பாடு ஒரு நாள் தள்ளியாயிற்று. பேசினாலும் சேதி, பேசாவிட்டாலும் சேதி. தோணிகூட இப்படி இல்லையே என்று நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன்.

அந்தச் சுற்றில் என் பாடு நெருங்கியது. "நாளன்னிக்கு உன் பாடுடா, நாளைக்குப் பொழுதோட வந்து சேரு" என்று ஐஸை மடியில் கொட்டாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் அவள் வரவில்லை.

சரி, சாவு. இன்றைக்கு ஓட வேண்டாம், நாளைக்குப் போனால் போதும். அப்பாடா என்று ஐஸ் பெட்டி மேல் காலை நீட்டி உட்கார்ந்தேன். சாப்பாடு நன்றாக இறங்கியது. சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் உறைத்தது. செத்தது யார்?

பெரியப்பா. வேறு யாராக இருக்கும்? மழைக்காலம் முழுக்க மூச்சு இழுத்துக்கொண்டு படுத்திருந்தவர். அவர் செத்த சேதிக்கு நான் அப்பாடா என்று காலை நீட்டியிருக்கிறேன்!

ரயிலில் அழுதேன். நிஜமாகவே அழுதேன். ஆனால் விரல் மட்டும் தனியாக நாள் எண்ணிக்கொண்டிருந்தது. பொன்னேரியில் இறங்கி, சாவு வீட்டுக்கு வெறுங்கையோடா போவது என்று பூக்கடையில் நின்றேன்.

"சாமிக்கா, சாவுக்கா?"

"சாவுக்கு."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"அநேகமா ஆம்பளைதான்."

பூக்காரி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத்தான் கட்டிக் கொடுத்தாள். பஸ்ஸில் அந்த ரோஜா மாலையை மடியில் வைத்துக்கொண்டு பழவேற்காடு வரைக்கும் வந்தேன். பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை.

குப்பத்துக்குள் நுழையும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பறை இல்லை, அழுகை இல்லை. கரையில் பெரியப்பா வலையை மடியில் போட்டு உட்கார்ந்து கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார்.

"இன்னாடா, எனக்கா?"

மாலையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். அதற்குள் என் பெண்டாட்டி ஓடிவந்தாள்.

"யோவ், இன்னாயா இது? நாளைக்கு விடிஞ்சா பாடு, நீ சாவு மாலை தூக்கினு வந்து நிக்கிற? வீட்டுக்குள்ள எடுத்தாராத, சொல்லிட்டேன்!"

"நாளைக்கா? அத்தை வரலியே!"

அத்தை அங்கேதான், கவிழ்த்துப் போட்டிருந்த கூடை மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள்.

"நண்டையும் லாரிக்காரனே எடுத்துக்குறான்டா. நான் இனிமே அங்கெல்லாம் வரமாட்டேன். கூடையத் தூக்கினு ரயிலு ஏறி எறங்கி இடுப்பே போச்சு."

எதைச் சொல்லிக் கோபப்படுவது? தோணியை நிறுத்திய அதே லாரிதான். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றதைப் பார்த்தால், என் அலுப்பெல்லாம் விளையாட்டு.

மாலையை என்ன செய்வது என்று ஒரு வழக்கே நடந்தது. சாமிக்குப் போடலாம் என்றார் ஒருவர். சாவுக்கென்று கேட்டு வாங்கினது சாமிக்கு ஆகாது என்றாள் அத்தை. தீர்ப்பு வருவதற்குள் ஓர் ஆடு வந்து முக்கால்வாசியைத் தின்றுவிட்டது.

விடியற்காலை நான்தான் முதல் ஆளாகக் கரையில் நின்றேன். பஞ்சாயத்துப் பெரியவர் தூரத்திலிருந்து பார்த்துத் தலையை ஆட்டினார். நைனாவின் பாடு என்னிடம் தங்கியது. இறால் சுமாராக விழுந்தது. லாரிக்காரன் அள்ளிக்கொண்டு போனான்.

வலையை உதறிக்கொண்டே, அடுத்த சுற்றுக்கு எனக்கு யார் சேதி சொல்வது என்று பொதுவாகக் கேட்டேன். பெரியப்பா ஊசியில் நூலைக் கோத்துவிட்டு நிமிர்ந்தார்.

"அடுத்த தபாவும் நான்தான் சாவணுமா?"

கரையே சிரித்தது. நானும் சிரித்தேன், தெம்பு இல்லாமல்.

மத்தியானம் பொன்னேரியில் ரயில் ஏறினேன். எதிர் சீட்டில் ஓர் அம்மா, காலடியில் ஈரக் கூடை. கண் எரிந்தது, தூங்கினால் தேவலை என்றிருந்தது. இருந்தாலும் குனிந்து கேட்டேன்.

"எந்தக் குப்பம்மா நீங்க? தினமும் வருவீங்களா?"

அந்த அம்மா கூடையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.