பாய்மரத்தடியில் ஊறிப்போன பலகை

ஏழு வருடம் கழித்து என் தங்கை போன் செய்தாள். நலம்கூட விசாரிக்கவில்லை. "அக்கா, நீ ஃபைபர் கம்பெனியிலதான வேல செய்ற? நாங்க மீன் புடிக்க ஒரு பழைய போட்டு வாங்கலாம்னுகீறோம். வந்து ஒரு தபா பாத்துச் சொல்றியா?" என்றாள்.

பழவேற்காட்டு மீனவர் ஒருவரை அவள் விரும்பிக் கட்டிக்கொண்டபோது அப்பா அவளைத் தலைமுழுகிவிட்டார். நான் எதுவும் சொல்லவில்லை. வாயைத் திறக்காமல் இருந்ததுதான் நான் அவளுக்குச் செய்த கெடுதல்.

கும்மிடிப்பூண்டியில் ஃபைபர் தண்ணீர்த்தொட்டி செய்யும் இடத்தில் எனக்கு வேலை. ஒரு தட்டு தட்டினாலே உள்ளே காற்று நின்றிருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். ஆனால் படகில் ஏறியதே கிடையாது.

ஞாயிறு காலை பொன்னேரி வரை ரயில், அங்கிருந்து பஸ். தங்கை நிறுத்தத்திலேயே நின்றிருந்தாள். இளைத்திருந்தாள். "நாஷ்டா சாப்ட்டியா?" என்றாள். தலையாட்டினேன். அவள் ஏரிப் பக்கம் முன்னால் நடந்தாள், நான் பின்னாலேயே போனேன்.

ஏரிக்கரை மணலில் அந்தச் சின்னப் பாய்மரப் படகு ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. தங்கை வீட்டுக்காரர், "வாங்கண்ணி" என்று ஒதுங்கி நின்றார். படகுக்காரர் பெரியவர். "புதுசா பெயிண்ட் அட்ச்சிகீறேன், பாரும்மா" என்றார். புதுப் பெயிண்ட் என்றாலே எனக்குச் சந்தேகம். செருப்பைக் கழற்றிவிட்டு மேல்தளத்தில் ஏறி, குதிகாலை அழுத்தி அழுத்தி நடந்தேன். எல்லா இடமும் கெட்டியாக இருந்தது. பாய்மரத்தடியில் மட்டும் கால் லேசாக அமுங்கியது. ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினேன். மற்ற இடங்களில் 'டொக்'கென்று கேட்டது, அங்கே 'பொத்'தென்றது.

பெரியவரிடம் கேட்டுக்கொண்டு அந்த இடத்திலிருந்த ஒரு திருகாணியைக் கழற்றினேன். ஓட்டையிலிருந்து பழுப்பு நீர் கசிந்தது.

"ரெண்டு ஃபைபருக்கு நடுவுல பலக வெச்சிருக்காங்க. அது ஊறிப்போச்சு" என்றேன்.

பெரியவர் முகம் வாடிவிட்டது. "சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. பொங்கலுக்குப் பொங்கல் ஆசையா பெயிண்ட் அடிப்பேன், அவ்ளோதான்." நம்பினேன்.

"அப்ப வேணாமாக்கா?" என்றாள் தங்கை. அவள் கை படகின் விளிம்பை விடவே இல்லை.

வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறியிருக்கலாம். மறுபடி சுற்றிலும் தட்டி, கெட்டுப்போன இடத்தைச் சாக்பீஸால் வளைத்துக் கோடு போட்டேன். ஒரு முறம் அளவுதான்.

"வாங்கு. இந்த எடத்த வெட்டி எடுத்துட்டு, புதுப் பலக வெச்சு ஃபைபர் போடணும்."

"யாரு போடுவாங்க?"

"நான்தான். நாலு ஞாயித்துக்கெழம ஆவும்."

"நாலு வாரமும் ஊட்டுக்கு வருவியா?"

"வராம எப்டிடி வேல செய்றது?"

அவள் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

நடுவில் மழை பெய்ததால் ஐந்து ஞாயிறு ஆனது. ஃபைபர் ஒட்டப் பூசிய ரெசின் காயும் வரை அவள் வீட்டில் இறால் தொக்கும் சோறும் சாப்பிட்டு, ஒரே பாயில் படுத்துப் பேசினோம். மூன்றாவது வாரம் எங்கள் வீட்டிலிருந்து நான் கிளம்பும்போது அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அந்தப் போட்டுக்குள்ள தண்ணி எறங்காதில்ல?" என்று கேட்டார். "எறங்காதுப்பா" என்றேன்.

கடைசி ஞாயிறு பாயை விரித்து என்னையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். கரை தள்ளிப் போனதும் எனக்குத் தலை சுற்றியது. தங்கை என்னை மடியில் சாய்த்துக்கொண்டு, "கம்பெனிக்காரிக்குத் தண்ணின்னா பயம்" என்று புருஷனிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் கண்ணை மூடிக்கொண்டே சிரித்தேன்.