குடிக்கலாம் என்று நான் சொன்ன தண்ணீர்

எங்கள் சாருக்குத் தண்ணீரைத் தொட்டாலே சளி பிடித்துவிடும். மனுஷர் ஆராய்ச்சி செய்வது நீலப்பச்சைப் பாசியை! அது உண்டாக்குகிற நரம்பு நஞ்சைப் பற்றி மேடையில் ஒரு மணி நேரம் மூச்சு விடாமல் பேசுவார். குளத்தங்கரைக்கு வந்தால் ஜீப்பை விட்டு இறங்கமாட்டார். கம்பளித் தொப்பி, மப்ளர், அதற்கு மேல் ஒரு கோட்டு. ஊட்டிக்கு ஹனிமூன் வருகிறவர்கள்கூட இத்தனையைச் சுற்றிக்கொண்டு திரிவதில்லை. முழங்கால் வரை சேற்றில் இறங்கிப் பாட்டிலில் தண்ணீர் பிடிப்பது அவருடைய ஆராய்ச்சி மாணவியான நான்தான். "குட்டைப் பாசியை வழிக்கறதுக்கா உன்னைய எம்.எஸ்ஸி. படிக்க வெச்சோம்?" என்று ஊட்டி காந்தலில் உள்ள வீட்டில் அம்மா தினமும் கேட்பார். நியாயமான கேள்விதான்.

மஞ்சூர் பக்கம் ஒரு எஸ்டேட்டில், குட்டைத் தண்ணீர் குடித்த கன்றுக்குட்டி ஒன்று மதியத்துக்குள் செத்துப்போனது. மாட்டு டாக்டருக்குச் சந்தேகம் வந்து எங்களுக்குச் சொல்லியனுப்பினார். முதல் தடவை நான் மட்டும் பஸ்ஸில் போய்ப் பார்த்தேன். குட்டை முழுக்கப் பச்சைப் பெயின்ட்டைக் கொட்டி வைத்ததுபோல் இருந்தது. அதிலிருந்துதான் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குக் குழாய். கன்றுக்குச் சொந்தக்காரி கொழுந்து பறிக்கிற பெண். மூன்று வயசு மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னை வழிமறித்தார்.

"மேடம், இந்தத் தண்ணிய குடிக்கலாமா, கூடாதா? அத மட்டும் சொல்லுங்க."

அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"டெஸ்ட் பண்ற வரைக்கும் வேணாங்க்கா" என்றேன். அன்றிலிருந்து அவர் வேலை முடிந்து வந்ததும் மேலே ஓடைக்கு அரை மணி நேரம் ஏறிக் குடத்தில் கொண்டுவந்தார்.

அடுத்த வாரம் சார் கேமராவோடு எழுந்தருளினார். போய்ப் பார்த்தால் குட்டை பளிங்கு மாதிரி கிடக்கிறது! எஸ்டேட் மேனேஜருக்கு வாயெல்லாம் பல். "நீங்க வர்றீங்கன்னு க்ளீன் பண்ணி வெச்சோம் சார்." தேயிலைக்கு அடிக்கிற காப்பர் மருந்து ஸ்டோரில் கிடந்ததாம். இரண்டு நாளைக்கு முன்னால் குட்டையில் கரைத்துவிட்டாராம். பெண் பார்க்க வருகிறார்கள் என்று சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற புத்தி.

பாசி உயிரோடு இருக்கும்வரை நஞ்சில் பெரும்பங்கு அதன் உடம்புக்குள்ளேயே இருக்கும். மருந்து போட்டுக் கொன்றால் உடம்பு வெடித்து அத்தனையும் தண்ணீரில் இறங்கிவிடும். பச்சை மறைந்துபோகும், விஷம் அப்படியே நிற்கும். கொதிக்க வைத்தாலும் அதை நம்ப முடியாது. பாசியைப் படிக்க ஆரம்பித்தவுடனே தெரிந்துகொள்கிற சங்கதி இது. சாரை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அதெல்லாம் தியரிம்மா" என்றார். ஆயுசுக்கும் தியரியைத் தவிர வேறெதையும் தொடாத மகானுபாவர் சொன்ன பதில்.

நஞ்சைச் சோதிக்கிற மெஷின் எங்களிடம் கிடையாது, கோயம்புத்தூருக்குத்தான் அனுப்ப வேண்டும். மேனேஜருக்கோ அன்றைக்கே காகிதம் வேண்டும். பங்களா வராந்தாவில் மைக்ராஸ்கோப்பை வைத்து நான் பார்த்தேன். செத்த பாசியின் கந்தல்தான் கிடந்தது, உயிருள்ளது ஒன்றுகூட இல்லை. சார் வெங்காய பஜ்ஜியைத் தின்று முடித்து, எண்ணெய்க் கையை மப்ளரில் துடைத்துவிட்டு இங்கிலீஷில் எழுதினார்: சோதித்த நீரில் உயிருள்ள நச்சுப்பாசி இல்லை. பொய் ஒரு எழுத்துகூடக் கிடையாது. படித்தவன் செய்கிற அயோக்கியத்தனம் இப்படித்தான் சுத்தமாக இருக்கும்.

லைன் ஆட்களுக்குத் தமிழில் சொல்லும்படி காகிதத்தை என் கையில் கொடுத்தார்கள். படித்துச் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். அந்தப் பெண் மட்டும் விடவில்லை.

"அப்ப குடிக்கலாமா மேடம்?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். சார் என்னைப் பார்த்தார். என் ஆராய்ச்சிக்குக் கையெழுத்துப் போட வேண்டிய கை, கோட்டுப் பைக்குள் இருந்தது.

"குடிக்கலாங்க்கா" என்றேன்.

அன்று நான் பிடித்து அனுப்பிய தண்ணீருக்குப் பத்து நாள் கழித்துக் கோயம்புத்தூரிலிருந்து முடிவு வந்தது. நஞ்சு இருந்தது, தாராளமாகவே இருந்தது. சார் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார், அத்தனை சந்தோஷம்! "மருந்து போட்டதும் வெளிய வருது பாரு! இத ஒரு பேப்பராப் போட்டுடலாம்!" அன்றைக்குத் தியரியாக இருந்தது இன்றைக்கு அவருடைய கண்டுபிடிப்பு.

"லைன்ல சொல்லணுமே சார்" என்றேன்.

"இப்பப் போய்க் கலாட்டா பண்ணாதே. அப்புறம் மேனேஜர் நம்மள உள்ள விடமாட்டார்."

தூ! அந்த மூஞ்சியில் துப்பியிருக்க வேண்டும். துப்பவில்லை. மஞ்சூர் பஸ்ஸைப் பிடித்தேன். வளைவுக்கு வளைவு சாரைத் திட்டினேன், மேனேஜரைத் திட்டினேன். திட்டத் திட்ட வாய்தான் வலித்தது. குடிக்கலாம் என்று அவர்கள் இரண்டு பேரும் சொல்லவில்லை. சொன்னது இந்த வாய்.

நான் போனபோது அந்தப் பெண் வீட்டு வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "வாங்க மேடம்! நீங்க சொன்ன அன்னிக்கே ஓடைக்குப் போறத நிறுத்திட்டேன். புண்ணியமாப் போகும் உங்களுக்கு."

விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு போகக் கொஞ்ச நேரம் பிடித்தது. துணியை வாளியிலேயே விட்டுவிட்டார்.

"பாப்பாவும் இததான் மேடம் குடிச்சுது. பத்து நாளா. ஏதாவது ஆகுமா?"

இந்த நஞ்சு நிறையப் போனால் கால் துவளும், மூச்சு நிற்கும். கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் ஒரு சின்ன உடம்பை என்ன செய்யும் என்று நான் படித்த எதிலும் இல்லை.

"பாப்பாவக் கூப்பிடுங்கக்கா" என்றேன். "இங்கிருந்து அந்தக் கதவு வரைக்கும் நடக்கச் சொல்லுங்க."

குழந்தை நடந்தது. நாங்கள் இரண்டு பேரும் குத்தவைத்து அதன் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். கதவைத் தொட்டுவிட்டுத் திரும்பிச் சிரித்தது.

"இன்னொருக்கா நடக்கச் சொல்லுங்க" என்றேன்.